ஐந்தாவது தடம்

பாஸ்டர் ஹோலிஸ் அந்தச் செய்தியை வெர்லின் டாக்கெட்டிடம் சொன்னது ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது, சபை வாசலில், இரண்டு கைகுலுக்கல்களுக்கு நடுவே. கெட்ட செய்தி சொல்ல நல்ல நேரம் பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"இந்த வருஷம் தட ஞாயித்துல எஸ்ரா பேசட்டும், பிரதர் வெர்லின். நீங்க பெருக்கி, இடத்தை ரெடி பண்ணிக் குடுத்துருங்க. அந்த வேலைய உங்கள மாதிரி யார் செய்வா?"

"பேசறதையும் என்னை மாதிரி யாரும் செஞ்சதில்லையே பாஸ்டர்."

"அதான் முப்பத்தோரு வருஷம் பேசிட்டீங்களே," என்று சிரித்துவிட்டு, பாஸ்டர் அடுத்த கையைப் பிடிக்கப் போய்விட்டார்.

வெர்லினுக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில், பேரப்பிள்ளைகள் கண்ட மனிதனுக்கு, முப்பத்து நான்கு வயதுக்காரன் மேல் வயிறு எரிந்தது.

தட ஞாயிறு என்றாலே வெர்லின்தான். ஆகஸ்டில் டெக்சஸ் வெயில் சீடர் ஃபோர்க் ஆற்றைக் குடித்துவிடும். அடியில் கிடக்கும் சுண்ணாம்புப் பாறை வெளியே வரும். சபை ஆண்கள் மணல் மூட்டைகளை அடுக்கி மிச்சத் தண்ணீரை ஒதுக்குவார்கள். வெர்லின் பாறையைப் பெருக்கி, அதில் பதிந்திருக்கும் நான்கு பாதங்களுக்கும் பிரஷ்ஷால் சமையல் எண்ணெயில் கோடு இழுப்பான். எண்ணெய் பட்ட இடம் கறுக்கும். குதிகால், உள்வளைவு, முன்பாதம் என்று மனிதக் கால் எழுந்து நிற்கும். நாலு முழம் தள்ளி அதே பாறையில் டைனோசரின் மூன்று விரல் தடங்கள். மனிதனும் மிருகமும் ஒரே வாரத்தில் படைக்கப்பட்டவர்கள், உலகத்துக்கு வயது ஆறாயிரம்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று வெர்லின் கேட்பான். கேட்டுவிட்டு வலது பூட்ஸைக் கழற்றி, நான்காவது தடத்துக்குள் தன் காலை வைப்பான். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தும். "ஆதாமின் பிள்ளை நடந்த இடம்," என்பான். கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைப்பார்கள்.

அது வேடிக்கை காட்டுவதற்காக வைக்கிற கால் இல்லை. இருபத்தேழு வயதில், நாள் முழுக்கக் குடித்துவிட்டு வற்றிய ஆற்றில் விழுந்து கிடந்தவன் வெர்லின். எழுந்து நின்றபோது வெறுங்கால் ஒரு பள்ளத்துக்குள் இருந்தது. குனிந்து பார்த்தான், பாதம். இவ்வளவு காலமாக ஒரு தடத்தைத் தனக்காகக் காப்பாற்றி வைத்திருந்தவர் தன்னையும் காப்பாற்றுவார் என்று தோன்றியது. அன்றைக்கு விட்ட குடிதான். அவனுடைய விசுவாசம் முழுக்க அந்தப் பள்ளத்துக்குள் இருந்தது.

இப்போது எஸ்ரா ரென்ஷா வந்து சேர்ந்திருக்கிறான். ஓஹாயோக்காரன். நிலவியலில் நிஜமான பல்கலைக்கழகத்தில் நிஜமான டாக்டர் பட்டம். 'அந்தப் படுகுழிக்குள்ள போயும் விசுவாசம் கெடாம வந்த பிள்ளை' என்று சபையே அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. ஆற்றோரத் தகரக் கொட்டகையில் வெர்லின் நடத்திவந்த சின்ன அருங்காட்சியகத்துக்கு அவனை இயக்குநராகப் போட்டார்கள். வந்த மூன்றாம் மாதமே, நான்காவது தடத்துக்கு நேர் முன்னால், கரைச் சரளையைத் தள்ளிப் பார்த்து ஐந்தாவது தடத்தைக் கண்டுபிடித்தான். டிவிக்காரர்கள் வந்தார்கள். முப்பத்தொரு வருஷத்தில் வெர்லினைத் தேடி ஒரு டிவியும் வந்ததில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி நெல்டா சனிக்கிழமை பீச் பழம் போட்ட இனிப்புக் காப்ளர் செய்தாள். அடுப்பிலிருந்து இறக்கும்போதே வாசனை தெருவுக்கு வந்துவிட்டது. வெர்லின் தட்டோடு போனால், அதன் மேல் ஃபாயிலை மூடிக்கொண்டிருந்தாள்.

"இது எஸ்ராவுக்கு. பாவம், தனியா இருக்கான்."

"எனக்கு இந்தப் பலகாரம் பண்ணி ரெண்டு வருஷமாச்சு."

"உனக்குச் சர்க்கரை."

"சர்க்கரை போன வருஷம்தான் வந்துச்சு."

நெல்டா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வெர்லின், உனக்கு இருக்கறது சர்க்கரை இல்ல. வேற வியாதி," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். மார்கிட் ஒஸ்ட்லண்ட் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டைனோசர் தடங்களை ஆராய்பவள். இருபத்திரண்டு கோடைகளாக எதிர்க்கரையில் கூடாரம் போட்டு, மாணவர்களோடு அளந்துகொண்டிருப்பவள். மதியமானால் ஐஸ் டீ குடுவையோடு ஆற்றைக் கடந்து வெர்லினிடம் சண்டைக்கு வருவாள்.

"என்ன டாக்டரம்மா, இந்த வருஷமும் குரங்குல சொந்தம் தேடியா வந்தீங்க?"

"தேடவே வேணாம் வெர்லின். உங்களைப் பார்த்ததும் கிடைச்சிருச்சே."

"இந்தப் பாறைக்கு வயசு என்ன சொன்னீங்க?"

"பதினோரு கோடி."

"பிறந்த சர்டிபிகேட் இருக்கா?"

"உங்க ஆறாயிரத்துக்கு இருக்கா?"

இப்படி ஒரு மணி நேரம் ஓடும். இரண்டு பேருமே ஒரு அங்குலம் நகர்ந்ததில்லை. ஆனால் ஒரு நாள் அவள் வராவிட்டால் வெர்லினுக்குச் சாப்பாடு இறங்காது. இந்தக் கோடையில் அவள் குடுவையோடு ஆற்றைக் கடந்து நேரே எஸ்ராவிடம் போனாள். இருவரும் பாறையில் குந்தி, காகிதத்தில் கோடு போட்டு, மணிக்கணக்கில் வாதாடினார்கள். தன் எதிரியைக்கூட அந்தப் பயல் தட்டிக்கொண்டு போய்விட்டான் என்று வெர்லின் துடைப்பத்தை ஓங்கித் தட்டினான்.

வியாழக்கிழமை எஸ்ரா அவனை ஆற்றுக்குக் கூப்பிட்டான்.

"இந்தத் தடவை எண்ணெய் வேணாம் பிரதர் வெர்லின். முப்பது வருஷ எண்ணெயும் பாசியும் அதுல ஊறிக் கிடக்கு. அஞ்சையும் சோப்புத் தண்ணி விட்டு நல்லா தேய்ச்சிருங்க. மூணு நாள் வெயில்ல காயட்டும். நான் அபிலீன்ல ஒரு கூட்டத்துல பேசணும், ஞாயித்துக்கிழமை நேரா இங்க வந்துர்றேன்."

"எண்ணெய் இல்லன்னா ஜனங்களுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி."

"தெரியறது தெரியட்டுமே." எஸ்ரா சற்றுத் தயங்கினான். "இன்னொண்ணு. தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கால் வைக்கிற விஷயம் வேணாம். கால் பொருந்தறது ஒரு ஆதாரம் ஆகாது. என் கால்கூட அதுல பொருந்துது."

"நீ வெச்சுப் பார்த்தியா?"

"ஜூன் மாசம், ஒரு தடவை. சும்மாதான்."

வெளியூர் போய்த் திரும்பியவன் தன் கட்டிலில் வேறு ஒருவன் படுத்து எழுந்ததைக் கேள்விப்பட்டால் எப்படி இருக்கும், வெர்லினுக்கு அப்படி இருந்தது. அன்று பகல் முழுக்கத் தடங்களைத் தேய்த்தான். அழுக்கு போகத் தேய்த்தானா, எஸ்ராவின் கால் பட்டது போகத் தேய்த்தானா என்று அவனுக்கே தெரியாது.

ஞாயிறு விடிந்ததும் துடைப்பத்தோடு தனியாக ஆற்றில் இறங்கினான். முதலில் ஐந்தாவது தடத்துக்குப் போனான். எதிரியின் சொத்தில்தானே கண் முதலில் போகும். போனவன் நின்றுவிட்டான். பாதத்தின் முன்பக்கம், மற்றத் தடங்களில் அவன் கோடு இழுக்கும் இடத்துக்கு வெளியே, தேய்த்துக் காய்ந்த பாறையின் வெளுப்பில் துருவின் நிறத்தில் மூன்று நீளக் கறைகள் விரிந்திருந்தன. நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. விரல்கள். கறையைத் தடவினான், பாறையிலேயே ஊறிய நிறம், கையோடு வரவில்லை. நாலு முழம் தள்ளியிருந்த டைனோசர் தடங்களைப் பார்த்தான். மறுபடி இதைப் பார்த்தான். சின்னப் பிள்ளைக்கும் புரியும். அந்த மிருகம் குழைந்த சேற்றில் குதிகாலையும் ஊன்றி நடந்திருக்கிறது. விரல் பள்ளங்களில் வேறு மண் நிறைந்து கல்லாகிவிட்டது. எஞ்சிய நீளக் குழிதான் மனிதப் பாதம்.

வெர்லினுக்கு உண்டானது சந்தோஷம். வெட்கமில்லாத, வாய் கொள்ளாத சந்தோஷம். மார்கிட் வருவாள், நானூறு பேர் வருவார்கள், டாக்டர் தம்பி பல்லியின் காலைக் காட்டி ஆதாமின் பிள்ளை என்று பேசுவான். இன்றோடு ஒழிந்தான்.

அந்தச் சிரிப்போடுதான் நான்காவது தடத்துக்கு வந்தான். அதிலும் மூன்று விரல். மூன்றாவதில், இரண்டாவதில், முதலாவதில், எல்லாவற்றிலும். இடது, வலது, இடது, வலது என்று அந்த மிருகம் ஆற்றோடு நடந்து போயிருந்தது. முப்பத்தொரு வருஷம் இந்தப் பாறையைப் பெருக்கியும் கோட்டுக்கு வெளியே பார்க்க அவனுக்குத் தோன்றியதே இல்லை. கோடு இழுத்தவனே அவன்தான். பிறகு எப்படித் தோன்றும்?

அவன் கால் அடியில் ஒன்றுமே இல்லாதது போலிருந்தது. பாறையில் உட்கார்ந்தான். ஜெபிக்கப் பார்த்தான், வரவில்லை. யாரிடம் ஜெபிப்பது என்று ஒரு கணம் தெரியவில்லை. அந்தப் பயத்தோடு அங்கேயே இருந்திருந்தால் ஒரு நல்ல முடிவுக்கு வந்திருப்பானோ என்னவோ. ஆனால் எஸ்ராவின் முகம் ஞாபகம் வந்தது. 'என் கால்கூட அதுல பொருந்துது.'

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனம் கெட்டால் போதும் என்பார்கள். வெர்லினுக்கு மூக்கும் போகாமல் சகுனத்தையும் கெடுக்க வழி இருந்தது. மணல் மூட்டைக்கு அந்தப் பக்கம் போய் வெளிர்நிற வண்டலை அள்ளிவந்தான். தன் நான்கு தடங்களின் விரல்களிலும் மெல்லிசாகப் பூசினான். கொட்டகையிலிருந்து எண்ணெய் எடுத்துவந்து, பழைய கோட்டை அச்சுப் பிசகாமல் இழுத்தான். வெயில் ஏறி வண்டல் காய்ந்தபோது அதுவும் பாறை நிறமாகிவிட்டது. ஐந்தாவதை மட்டும் தொடவில்லை.

பத்து மணிக்குக் கரை நிறைந்தது. மடக்கு நாற்காலிகள், குடைகள், குழந்தைகள். நெல்டா முன் வரிசையில். மார்கிட் எதிர்க்கரையிலிருந்து வந்து ஓரமாக நின்றாள். எஸ்ரா பயணச் சட்டையோடு நேரே ஆற்றில் இறங்கி, பாஸ்டரின் மைக்கை வாங்கி, இரண்டு வார்த்தை பேசியபடியே ஐந்தாவது தடத்துக்கு நடந்தான். நின்றான். பேச்சும் நின்றது.

அவன் மண்டியிட்டுக் கறையைத் தொட்டுப் பார்த்தான். கரையில் யாரோ இருமினார்கள். அவன் எழுந்திருக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு நொடியையும் வெர்லின் ரசித்தான்.

"இது மனுஷக் கால் இல்ல," என்றான் எஸ்ரா. மைக்கில் அவன் மூச்சு கேட்டது. "மூணு விரல் இருக்கு. கிட்ட வந்து பாருங்க, மறைக்க ஒண்ணும் இல்ல. ஜூன் மாசம் டிவியில நான் சொன்னது தப்பு. நான் படிச்சவன், அவசரப்படாம பார்த்திருக்கணும். பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்தேன்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தேவன் ஆறு நாள்ல உலகத்தைப் படைச்சார்னு நேத்து நம்பினேன். இன்னிக்கும் நம்பறேன். டாக்டர் ஒஸ்ட்லண்ட் அதுக்கு என்கிட்ட சண்டை போடுவாங்க, போடட்டும். ஆனா இந்தக் கல்லை இனிமே சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன். கர்த்தருக்குப் பொய்ச்சாட்சி தேவையில்ல."

வெர்லின் எதிர்பார்த்த சிரிப்பு எங்கேயும் எழவில்லை. பாஸ்டர் ஹோலிஸ் ஆற்றில் இறங்கி எஸ்ராவைக் கட்டிக்கொண்டார். பின்னால் ஒருத்தர் "ஆமென்" என்றார். அப்புறம் கரை முழுக்க. மார்கிட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். நெல்டா அழுதுகொண்டிருந்தாள். வெர்லின் கால் வைத்து முப்பத்தொரு வருஷம் பேசியதில் ஒரு தடவைகூட அவள் இப்படி அழுததில்லை.

எஸ்ரா மறுபடி மைக்கை எடுத்தான். "என் தடத்தைப் பத்திதான் நான் சொல்ல முடியும். மத்த நாலும் பிரதர் வெர்லின் பாதுகாத்தது. அதைப் பத்தி அவர்தான் சொல்லணும்." நான்காவது தடத்தை ஒரு பார்வை பார்த்தான். காய்ந்த வண்டலில் ஒரு விரிசல் விட்டிருந்தது. வெர்லினைப் பார்த்தான். எஸ்ராவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை, மைக்கை நீட்டினான்.

கூட்டம் வெர்லின் பக்கம் திரும்பியது. அவன் கேட்டதெல்லாம் இப்போது அவன் கையில். எதிரி தோற்றான், மைக் வந்தது, நான்கு தடங்களும் பத்திரம். பூட்ஸைக் கழற்றிக் காலை வைக்க வேண்டியதுதான் பாக்கி. குனிந்து கயிற்றையும் அவிழ்த்தான். நிமிர்ந்து பார்த்தால், நெல்டாவின் ஈரக் கண் அவன் மேல் இல்லை. அது இன்னும் எஸ்ராவின் மேலேயே இருந்தது. அந்தப் பயல் வெறுங்கையோடு நிற்கிறான். தடம் இல்லை, டிவி இல்லை, நாளைக்கு வேலைகூட இருக்குமோ என்னவோ. ஆனால் காலையில் இதே பாறையில் வெர்லினைப் பிடித்த பயம் அவன் முகத்தில் மருந்துக்கும் இல்லை. கல்லை எடுத்த பிறகும் அவன் கடவுள் அவனிடம் இருந்தார்.

அதுதான் தாங்கவில்லை. டாக்டர் பட்டத்தைக் கொண்டுபோகட்டும், காப்ளரைக் கொண்டுபோகட்டும். இதையுமா? சபையில் ஒரே ஒரு யோக்கியன் என்ற பெயரும் அவனுக்கேவா?

வெர்லின் கரையிலிருந்த வாளியில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு, நான்காவது தடத்தில் வீசி ஊற்றினான். வண்டல் கரைந்து ஓடியது. துரு நிறத்தில் மூன்று விரல்களும் வெளியே வந்தன.

"இதுவும் அதேதான்," என்றான். "நாலும். காலையில சேறு பூசினது நான். இவனோடதை மட்டும் விட்டுட்டேன். வேணும்னேதான் விட்டேன், இவன் அசிங்கப்படணும்னு."

யாரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் வந்து கட்டிக்கொள்ளவில்லை. ஒரு ஜெபம் ஆரம்பித்தார், பாதியில் வார்த்தை தவறி, எல்லோரும் நிழலுக்குப் போகலாம் என்று முடித்தார். நாற்காலிகள் மடங்கின. கார் கதவுகள் சாத்திக்கொண்டன. எஸ்ரா ஒருவன்தான் கிட்ட வந்து, "எனக்கு இருந்த தைரியத்தைவிட இது பெருசு, பிரதர்," என்றான். அவன் அப்படிச் சொன்னதற்காகவே வெர்லினுக்கு அவனை அடிக்கலாம் போலிருந்தது.

மார்கிட் பாறையைத் தாண்டி வந்தாள். கையில் ஐஸ் டீ குடுவை. ஒரு கோப்பை ஊற்றி நீட்டினாள்.

"இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா நீங்க சொன்னதை என் நோட்டுல எழுதப் போறேன், வெர்லின்."

"எழுதிக்கோங்க. ஆனா உங்க குரங்குக்கு நான் சொந்தக்காரன் இல்ல."

"அது தனி வழக்கு. நாளைக்கு மத்தியானம் வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கரை காலியான பிறகு நெல்டா இறங்கி வந்தாள். நான்கு தடங்களையும் சுற்றிப் பார்த்தாள். அவனுக்குப் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தாள்.

"மனசு குத்தி ஒண்ணும் நீ சொல்லல," என்றாள். "அவனுக்குப் போட்டியாதானே சொன்னே?"

"ஆமா."

"எனக்குத் தெரியும்." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, வேறெங்கும் பார்க்காமல் அவனை மட்டும் பார்த்தாள். "இந்தக் கால் இல்லன்னா உனக்கு என்ன இருக்கு வெர்லின்? பழையபடி குடிக்கப் போயிருவியா?"

"தெரியல. காலையில ஜெபம் வரல."

"அடுத்த ஞாயிறு சபைக்கு வருவியா?"

வெர்லின் ஆற்றைப் பார்த்தான்.

"அவன் வருவானா?"

"வருவான்."

"அப்ப நானும் வரேன்," என்றான் வெர்லின். "அவனுக்கு முந்தி."